கோல்ஃப் கிளப் சந்தா: தவணையா, மொத்தமா? இங்கிலாந்துக்குப் புதிதாகப் போயிருக்கும் நம்ம கடற்கரைப் பிள்ளைகளுக்கு

கீழக்கரை, பெரியபட்டினம், தேவிபட்டினம், தொண்டி என்று நம்ம பக்கத்துப் பிள்ளைகள் இங்கிலாந்து போனதும் கேட்பது வீடு, பேங்க் கணக்கு, ஹலால் கடை பற்றித்தான் இருக்கும். இப்போது கோல்ஃபும் சேர்ந்துகொண்டது. ஆபீஸில் சீனியர் ஒருவர் சனிக்கிழமை மைதானத்துக்குக் கூப்பிடுவார். நாலு தடவை போனால் ஆசை வந்துவிடும். அப்புறம் கிளப்பின் படிவம் கைக்கு வரும்: ஆண்டுச் சந்தாவை மொத்தமாகக் கட்டுகிறீர்களா, மாதத் தவணையா?

நான் அங்கே வேலை பார்த்துவிட்டு ஊர் திரும்பிவிட்டேன். இப்போதும் பிள்ளைகள் போனில் கேட்கிறார்கள். ஒரு தம்பி கேட்டது இது: "காக்கா (அண்ணே), மாசாமாசம் கட்டுனா, பிடிக்கலேன்னா நிறுத்திக்கலாம்ல?"

நிறுத்த முடியாது தம்பி. பெரும்பாலான கிளப்புகளில் சந்தா என்பது ஓராண்டுக்கானது. தவணை என்பது அதைக் கட்டும் வழி மட்டுமே. ஜிம் மாதிரி மாதம் முடிந்ததும் விலகும் ஏற்பாடு அல்ல. ஐந்தாம் மாதம் வேலை மாறி மான்செஸ்டரிலிருந்து கிளாஸ்கோ போனாலும் மீதி ஏழு மாதத்தைக் கேட்பார்கள். மாதாமாதம் விலகலாம் என்றால் அது படிவத்தில் எழுத்தில் இருக்க வேண்டும். கவுண்டரில் சிரித்துக்கொண்டே சொன்னதை நம்ப வேண்டாம்.

அடுத்துப் பார்க்க வேண்டியது, தவணையை வசூலிப்பவர் யார் என்பது. இரண்டு வகை உண்டு. ஒன்றில் கிளப்பே டைரக்ட் டெபிட் மூலம் உங்கள் கணக்கிலிருந்து எடுத்துக்கொள்ளும். இன்னொன்றில் ஒரு நிதி நிறுவனம் கிளப்புக்கு முழுப் பணத்தையும் கொடுத்துவிடும், நீங்கள் அந்த நிறுவனத்துக்குக் கடனாளி. இரண்டாவதுக்குப் பெயர் என்ன வைத்தாலும் அது கடன்தான். வட்டியோ கட்டணமோ இருந்தால் 1974-ஆம் ஆண்டின் நுகர்வோர் கடன் சட்டம் பொருந்தும். ஒப்பந்தம் போட்டு 14 நாளுக்குள் அந்தக் கடனிலிருந்து விலகலாம், ஆனால் வாங்கிய தொகையை 30 நாளுக்குள் திருப்பித் தர வேண்டும். கடனிலிருந்து விலகினால் கிளப்பிலிருந்தும் விலகியதாக நினைத்துவிடாதீர்கள், அது தனி.

இப்போது கணக்கு. சந்தா 1,200 பவுண்டு என்று வைத்துக்கொள்வோம். "வெறும் 8 சதவீதம்தான்" என்று 96 பவுண்டு சேர்த்து, மாதம் 108 பவுண்டாகப் பன்னிரண்டு தவணை போடுகிறார்கள். 8 சதவீதம் என்றால் பரவாயில்லையே என்று தோன்றும். ஆனால் 1,200 பவுண்டும் வருடம் முழுக்க உங்கள் கையில் இல்லையே. மாதாமாதம் குறைந்துகொண்டே போகிறது, சராசரியாகப் பாதித் தொகைதான் கடனாக நிற்கிறது. முதல் தவணையை ஒரு மாதம் கழித்துக் கட்டினால்கூட உண்மையான ஆண்டு வீதம் 15 சதவீதத்தைத் தாண்டும். அதனால் 'ஏ.பி.ஆர்.' (கட்டணத்தையும் சேர்த்த உண்மையான ஆண்டு வீதம்) என்று போட்டிருக்கும் எண்ணை மட்டும் பாருங்கள்.

"வட்டியே இல்லை" என்று சொல்லும் கிளப்பிலும் ஒரு கேள்வி கேளுங்கள்: மொத்தமாகக் கட்டினால் தள்ளுபடி உண்டா? நம்ம கரையில் வியாபாரியிடம் முன்பணம் வாங்கிப் படகு வைத்தவருக்குத் தெரியும். வட்டி என்று ஒரு பைசா எழுத மாட்டார்கள், ஆனால் மீனை அந்த வியாபாரிக்குத்தான் போட வேண்டும், விலையும் அவர் சொல்வதுதான். இதுவும் அதே வேலை. மொத்தமாகக் கட்டுபவருக்கு 5 சதவீதம் தள்ளுபடி என்றால் அவர் 1,140 கட்டுகிறார், நீங்கள் மாதம் நூறாக 1,200 கட்டுகிறீர்கள். அந்த 60 பவுண்டை வட்டியாகப் போட்டுப் பார்த்தால் ஆண்டுக்கு ஏறக்குறைய 10 சதவீதம். தள்ளுபடியும் இல்லை, தவணைக்குக் கூடுதலும் இல்லை என்றால் யோசிக்கவே வேண்டாம், தவணையை எடுங்கள்.

மார்க்கப்படி வட்டி கூடாது என்று ஒதுங்கும் பிள்ளைகள் கவனிக்க: படிவத்தில் 'வட்டி' என்று இருக்காது, 'நிர்வாகக் கட்டணம்', 'வசதிக் கட்டணம்' என்று இருக்கும். தவணைக்காக வாங்கும் கட்டணத்தை அந்நாட்டுச் சட்டமும் கடனின் செலவாகவே ஏ.பி.ஆர். கணக்கில் சேர்க்கிறது. மேற்கொண்டு தீர்ப்புச் சொல்ல நான் ஆலிம் (மார்க்க அறிஞர்) இல்லை.

புதிதாகப் போனவருக்கு இன்னொரு சிக்கல் கிரெடிட் வரலாறு, அதாவது கடனை ஒழுங்காகக் கட்டியதற்கான பதிவு. ஊரில் நகைக்கடன் எல்லாம் ஒழுங்காகக் கட்டியிருந்தாலும் அங்கே நீங்கள் வெள்ளைத்தாள். நிதி நிறுவனம் விண்ணப்பத்தைத் தள்ளிவிடலாம். தவணை தவறினால் அந்தப் பதிவு பின்னால் வீட்டுக்கடன் வரை துரத்தும். இதற்கு ஒரு உதவி, வாக்காளர் பட்டியல். இந்தியக் குடிமக்கள் காமன்வெல்த் நாட்டவர் என்பதால் செல்லுபடியாகும் விசாவோடு அங்கே வசித்தால் பதிவு செய்துகொள்ளலாம். முகவரியைச் சரிபார்க்கக் கடன் கொடுப்பவர்கள் அதையும் பார்ப்பார்கள். நம்ம ஆட்களில் பலருக்கு இது தெரிவதே இல்லை.

சரி, மொத்தமாகக் கட்டுவதில் ஆபத்து இல்லையா? இருக்கிறது. பணம் வாங்கிய கிளப் நடுவில் மூடிவிட்டால், பணத்தைத் திரும்பக் கேட்கும் வரிசையில் கிட்டத்தட்ட கடைசி ஆள் நீங்கள்தான். அதனால் கட்டுவதாக இருந்தால் கிரெடிட் கார்டில் கட்டுங்கள். 100 பவுண்டுக்கு மேல் 30,000 பவுண்டு வரை உள்ள விலைக்கு, அதே 1974 சட்டத்தின் 75-ஆம் பிரிவு கார்டு நிறுவனத்தையும் பொறுப்பாளி ஆக்குகிறது. டெபிட் கார்டுக்கு இந்தச் சட்டப் பாதுகாப்பு கிடையாது. கார்டு பில் வந்ததும் முழுசாகக் கட்டிவிட வேண்டும், இல்லாவிட்டால் கிளப்பின் தவணையே மலிவு.

கேள்வி, பாம்பனிலிருந்து ஒரு அப்பா: "அண்ணே, மகன் இப்பத்தான் போயிருக்கான். கடன் எதுக்கு, நானே மொத்தமா அனுப்பிடவா?"

அனுப்பாதீங்கண்ணே. இங்கிலாந்தில் வீட்டு முன்பணமாகவே பொதுவாக ஐந்து வார வாடகை வரை கேட்பார்கள். ஐ.டி. வேலைக்கான விசாவில் போனவராக இருந்து, கம்பெனியும் கட்டாவிட்டால், சுகாதாரக் கட்டணம் ஆண்டுக்கு 1,035 பவுண்டு, விசாக் காலம் முழுவதற்கும் முன்னாடியே போயிருக்கும். முதல் வருடம் கையில் ரொக்கம் இருப்பதுதான் பெரிது. கடன் வேண்டாம் என்ற உங்கள் பயம் நிதி நிறுவனத் தவணைக்குச் சரி, கிளப்பே கூடுதல் இல்லாமல் பிரித்து வாங்குவதற்குப் பொருந்தாது. என்னைக் கேட்டால் முதல் வருடம் முழு உறுப்பினராகவே சேர வேண்டாம். ஹேண்டிகேப் (ஆட்டத் திறமையைக் காட்டும் எண்) மட்டும் வேண்டுமென்றால் இங்கிலாந்து கோல்ஃப் சங்கம் 2021-இல் தொடங்கிய 'ஐகோல்ஃப்' இருக்கிறது, கிளப்பில் சேராமலே வாங்கலாம். 54 குழி, அதாவது மூன்று முழு ஆட்டம், ஆடிய கணக்கைக் கொடுத்தால் போதும். ஆடும் நாளுக்கு மட்டும் மைதானக் கட்டணம் கட்டிக்கொள்ளட்டும்.

சேரத்தான் போகிறார் என்றால் சந்தாவுக்கு மேலே என்னென்ன வரும் என்று கேட்கச் சொல்லுங்கள். சில இடங்களில் சேர்க்கைக் கட்டணம், மாவட்ட, தேசியச் சங்கங்களுக்கான தொகை, பார் கார்டில் கட்டாயமாகப் போட வேண்டிய பணம். குடிக்காத பிள்ளைக்கு அந்தக் கார்டு சாப்பாட்டுக்கும் செல்லுமா என்பதையும் கேட்கணும்.

கேள்வி, தொண்டிப் பெண் ஒருவர், சிங்கப்பூரிலிருந்து: "இங்கேயும் இதே கணக்குதானா?"

இல்லைம்மா, அங்கே கதையே வேறு. பல கிளப்புகளில் உறுப்பினர் உரிமையை ஏற்கெனவே வைத்திருப்பவரிடமிருந்து விலைக்கு வாங்க வேண்டும். பெயர் மாற்றக் கட்டணம் கிளப்புக்கு, அதன் பிறகு மாதச் சந்தா. அந்தப் பெருந்தொகையைத் தவணையில் கட்டுவதா என்று யோசிக்கும் முன்னால் கிளப்பின் நிலக் குத்தகை எந்த ஆண்டு முடிகிறது என்று கேளுங்கள். நிலம் அரசுடையது. மலேசியாவுக்கு அதிவேக ரயில் விடப்போகிறோம் என்று ஜூரோங் கன்ட்ரி கிளப்பின் நிலத்தை எடுத்தார்கள், 2016 முடிவோடு அது மூடியது. ராஃபிள்ஸ் கன்ட்ரி கிளப் 2018-இல் மூடியது. அந்த ரயில் திட்டம் 2021 பிறந்த அன்றே ரத்து என்று அறிவித்தார்கள், கிளப்புகள் திரும்பி வரவில்லை. குத்தகை ஐந்தாறு வருடம்தான் மீதி என்றால் தவணையை அதைவிட நீளமாகப் போடாதீர்கள். வேலை அனுமதி இரண்டு வருடத்துக்குத்தான் என்றால் விலைக்கு வாங்குவதையே விட்டுவிட்டு, ஓராண்டு, ஈராண்டு என்று தரும் குறுகிய கால உறுப்பினர் திட்டம் இருக்கிறதா என்று விசாரியுங்கள்.