கொடுத்த எழுத்தெல்லாம் உள்ள ஆங்கில வார்த்தைகளை எக்செலில் வடிகட்டுவது எப்படி?

கரும்பலகை:
எட்டாம் வகுப்புக்கு ஒரு வார்த்தைப் புதிர்த் தாள் தயார் பண்ணுகிறேன். "ஏ, ஈ, ஐ, ஓ, யூ ஐந்தும் வரும் ஆங்கில வார்த்தைகளை எழுது" என்பது முதல் கேள்வி. விடைப்பட்டியல் என் கையில் இருந்தாக வேண்டும், இல்லாவிட்டால் பசங்க எதையாவது எழுதிக்கொண்டு வந்து "இது சரியா மிஸ்" என்று வரிசையில் நிற்பார்கள். நெட்டில் ஒரு வார்த்தைப் பட்டியலை இறக்கி எக்செலில் முதல் நெடுவரிசையில் போட்டுவிட்டேன். ஃபில்டரில் ஐந்து எழுத்தையும் வரிசையாக அடித்து, ஒவ்வொன்றுக்கும் முன்னும் பின்னும் நட்சத்திரக் குறி வைத்துத் தேடினால் ஃபெசீஷியஸ், ஆப்ஸ்டீமியஸ் மாதிரி விரல் விட்டு எண்ணும் அளவுக்குத்தான் வருகிறது. எஜுகேஷன் வரவே இல்லை, அதில் ஐந்தும் இருக்கிறதே! கஸ்டம் ஃபில்டரில் தனித்தனியாகக் கொடுக்கலாம் என்று பார்த்தால் இரண்டு நிபந்தனைக்கு மேல் இடமில்லை. கோடிங் தெரியாது, எக்செலுக்குள்ளேயே வழி இருந்தால் சொல்லுங்கள்.

செல்லுக்குள்செல்:
மேடம், நட்சத்திரக் குறி நடுவில் என்ன வேண்டுமானாலும் இருக்கட்டும் என்று விடும், ஆனால் நீங்கள் அடித்த வரிசையை விடாது. ஏ முதலில், அதற்குப் பின்னால் எங்காவது ஈ, அதற்கும் பின்னால் ஐ என்றுதான் தேடும். எஜுகேஷனில் ஈ, யூ, ஏ என்று மாறி வருகிறது, அதனால் விழுந்துவிட்டது.

பக்கத்து நெடுவரிசையில் ஒரு ஃபார்முலா போடுங்கள். வெளியே கவுண்ட், உள்ளே சர்ச். சர்ச்சின் முதல் இடத்தில் சுருள் அடைப்புக்குறிக்குள் ஐந்து எழுத்தையும் தனித்தனி மேற்கோள் குறியில், நடுவே காற்புள்ளி வைத்து எழுதுங்கள். இரண்டாம் இடத்தில் வார்த்தை இருக்கும் செல். எல்லாம் மூடிய பிறகு கடைசியில் சமம் 5. எழுத்து கிடைத்தால் சர்ச் ஒரு எண்ணைத் தரும், கிடைக்காவிட்டால் பிழை காட்டும், கவுண்ட் எண்களை மட்டும் எண்ணும், ஆக ஐந்தும் கிடைத்தால்தான் ட்ரூ. அதை கீழே வரை இழுத்துவிட்டு ட்ரூ வந்த வரிகளை மட்டும் வடிகட்டுங்கள். சர்ச்சுக்குப் பதில் ஃபைண்ட் போடாதீர்கள், அது பெரிய எழுத்து சின்ன எழுத்து பேதம் பார்க்கும்.

கரும்பலகை:
அப்பாடா, வந்துவிட்டது! எஜுகேஷன், காலிஃபிளவர், செக்வோயா, ஈக்வேஷன் எல்லாம் இருக்கிறது. ஆனால் பிஹேவியரும் ஃபேவரிட்டும் இல்லை. நம் பாடப்புத்தகத்தில் இரண்டிலும் யூ உண்டே?

நடுநிசி டெர்மினல்:
உங்கள் பட்டியல் அமெரிக்க ஸ்பெல்லிங்காக இருக்கும், அவர்கள் அந்த யூவை எழுதுவதில்லை. பிரிட்டிஷ் பட்டியல் தேடுங்கள். உபுண்டு (லினக்ஸ் வகை இயங்குதளம்) வைத்திருக்கும் யாராவது பக்கத்தில் இருந்தால் டபிள்யூபிரிட்டிஷ் என்ற வார்த்தைப் பட்டியல் பேக்கேஜை நிறுவி அந்தக் கோப்பை எடுத்துத் தரச் சொல்லுங்கள், இலவசம்தான். ஆனால் அதில் ஊர்ப் பெயர், ஆள் பெயர், மேல்காற்புள்ளியும் எஸ்ஸும் ஒட்டிய வார்த்தைகள் எல்லாம் கலந்திருக்கும், முதலில் அவற்றைக் களைய வேண்டும்.

லினக்ஸ்காரர்கள் யாராவது இதைப் படித்தால்: சதுர அடைப்புக்குறிக்குள் ஐந்து எழுத்தையும் போட்டு கிரெப் (பொருந்தும் வரிகளைத் தேடும் கட்டளை) கொடுத்தால் ஏதாவது ஒன்று இருந்தாலே போதும் என்று அர்த்தம், ஏறக்குறைய மொத்த அகராதியும் வந்து கொட்டும். எழுத்துக்கு ஒரு கிரெப் என்று ஐந்தை, ஒன்றின் விடை அடுத்ததற்குப் போகும்படி, பைப் வழியாகக் கோர்த்துவிடுங்கள். பார்க்க அசிங்கமாக இருக்கும், ஆனால் வேலை செய்யும்.

கரும்பலகை:
நன்றி சார், பிரிட்டிஷ் பட்டியல் கிடைத்துவிட்டது. அடுத்த கேள்வி இது: பி, எல், ஏ, என், ஈ, டி, எஸ் (ஆங்கிலத்தில் பிளானெட்ஸ் என்று எழுதும்போது வருபவை) என்று ஏழு எழுத்து கொடுத்து, இவற்றை மட்டும் வைத்து வார்த்தை அமைக்க வேண்டும், பி கட்டாயம் வர வேண்டும், நான்கு எழுத்துக்குக் குறையக் கூடாது. அதே ஃபார்முலாவில் சமம் 7 என்று மாற்றினேன், பிரசிடென்ஷியல் எல்லாம் வருகிறது, பிளேட்டைக் காணோம்.

செல்லுக்குள்செல்:
இது நேர் எதிர்க் கேள்வி மேடம். முதல் கேள்வியில் வார்த்தைக்குள் உங்கள் எழுத்தெல்லாம் இருக்க வேண்டும், கூட வேறு எழுத்து இருந்தால் கவலையில்லை. இங்கே உங்கள் எழுத்தைத் தவிர வேறெதுவும் இருக்கக் கூடாது, எல்லாம் வர வேண்டிய கட்டாயமும் இல்லை. அதனால் கழித்துப் பாருங்கள்: செல்லை முதலில் டிரிம், லோயர் இரண்டுக்குள்ளும் போடுங்கள், அதன் மேல் சப்ஸ்டிடியூட்டை ஏழு அடுக்காக வைத்து எழுத்துக்கு ஒன்றாக ஒன்றுமில்லாமல் ஆக்குங்கள், மிஞ்சியதன் லென் (நீளம்) பூஜ்யமா என்று கேளுங்கள். சப்ஸ்டிடியூட் சின்ன எழுத்து பெரிய எழுத்து பார்ப்பதால்தான் எல்லாவற்றையும் சின்ன எழுத்தாக்கும் லோயர். டிரிம் எதற்கு என்றால், வார்த்தைக்குப் பின்னால் கண்ணுக்குத் தெரியாமல் ஒரு இடைவெளி ஒட்டியிருந்தால் லென் 1 ஆகி நல்ல வார்த்தையெல்லாம் அடிபடும். பி இருக்கிறதா, நீளம் நான்காவது இருக்கிறதா என்பதை ஆண்ட் போட்டுச் சேருங்கள்.

பலகைப்பிரியன்:
குறுக்கே வருவதற்கு மன்னிக்கவும், இந்த ஃபார்முலாவில் ஆப்பிளும் தேறிவிடும். அதில் பி இரண்டு தடவை. ஒரு எழுத்தை எத்தனை முறை வேண்டுமானாலும் பயன்படுத்தலாம் என்பது உங்கள் விதி என்றால் சரி. ஸ்கிராபிள் விளையாட்டு மாதிரி கையில் உள்ள எழுத்துக் கட்டைகளை வைத்து ஆடுவதென்றால் தப்பு, அங்கே மொத்தப் பையிலேயே 100 கட்டைக்கு பி இரண்டுதான். அப்படி வேண்டுமானால் வார்த்தையின் நீளத்திலிருந்து பி நீக்கிய நீளத்தைக் கழித்து 1-க்கு மேல் போகிறதா என்று எழுத்துக்கு எழுத்து பார்க்க வேண்டும், சலிக்கும். இன்னொன்று, ப்ளெசன்ட் என்ற வார்த்தையில் உங்கள் ஏழும் வந்துவிடும், ஏ மட்டும் இரண்டு முறை. அதற்குப் போனஸ் மதிப்பெண் வையுங்கள்.

கரும்பலகை:
பிளேட், ஆப்பிள், ப்ளெசன்ட் மூன்றும் வந்துவிட்டன. எழுத்து திரும்ப வரலாம் என்றே வைத்துக்கொள்கிறேன், தாளின் மேலேயே அதை எழுதிவிடுகிறேன், இல்லாவிட்டால் கடைசி பெஞ்சிலிருந்து முதல் கேள்வியே அதுவாகத்தான் வரும். போனஸ் இரண்டு மதிப்பெண்.