சிஸ்டம் சர்வீஸ் ஆளுங்கள வச்சு காமெடி கவிதை: இதுல யாரு காமெடி பீஸ்?

கெடிலத்தான் (கடலூர்):
நேத்து குரூப்ல ஒரு நாலு வரி போட்டேன், அதுலேந்து சர்வீஸ் பண்ற பசங்க எல்லாம் சேந்து வறுக்குறாங்க, சரி எல்லாரும் பாக்கட்டும்னு இங்க போடுறேன்.

சிஸ்டம் போச்சுன்னு கூப்ட்டா
சிரிச்சிகிட்டே வருவாரு
ஆஃப் பண்ணி ஆன் பண்ணி
ஐநூறு ரூபா கேப்பாரு

இதுல என்னப்பா தப்பு? எல்லா ஆபீஸ்லயும் நடக்குறதுதான. படிச்சதும் சிரிப்பு வந்துச்சா இல்லையா அத சொல்லுங்க.

லேன்கேபிள் (கடலூர் ஓ.டி. - ஓல்டு டவுன்):
வரல. அண்ணா, இந்த ஜோக்க நான் வேலைக்கு சேந்த காலத்துலேந்து கேட்டுட்டு இருக்கேன், ஆள் மாறுது ரேட் மாறுது ஜோக் மாறல. ஆஃப் பண்ணி ஆன் பண்ணா ஏன் சரியாவுதுன்னு ஒரு தடவையாவது யோசிச்சீங்களா, காலைலேந்து எட்டு புரோகிராம தொறந்து வச்சு மெமரிய ரொப்பி வச்சிருப்பீங்க, பிரிண்டர்ல பேப்பர் வரலன்னு அதே பைல பதினஞ்சு தடவ பிரிண்ட் குடுத்து பிரிண்ட் வேலைய வரிசைல வைக்கிற ஸ்பூலர்ல கியூ கட்டி நிக்கும், ரீஸ்டார்ட் குடுத்தா மெமரியாவது காலியாவும், அந்த கியூவ மட்டும் நாங்க கையால அழிச்சுட்டுத்தான் போறோம். அதுவும் ஓ.டி. துறைமுகம் பக்கம் உப்புக்காத்துல மதர்போர்டு பச்சை புடிச்சு கெடக்கும், ராம்ங்கிற மெமரி கார்ட கழட்டி ரப்பர் வச்சு அந்த தங்க முலாம் பட்டைய தேச்சு போட்டா டிஸ்ப்ளே வந்துடும், பாக்குறவங்களுக்கு ஏதோ ஸ்கூல் பையன் நோட்ட அழிக்கிற மாதிரி தெரியும். அந்த ரப்பர பத்தி எழுதுங்க, நான் சிரிக்கிறேன்.

சுண்டல்_சில்வர்பீச்:
ரப்பருக்கு ஐநூறா அண்ணா 😂

லேன்கேபிள்:
ரப்பருக்கு அஞ்சு ரூபா, எங்க தேய்க்கணும்னு தெரிஞ்சதுக்கு மிச்சம்.

பழைய_கிளார்க் (புதுச்சேரி):
தம்பி லேன்கேபிள், உங்க கோவம் நியாயம்தான், ஆனா உங்க ஆளுங்க எங்கள வச்சு எழுதுற கவிதைங்க மட்டும் என்ன வாழுது? நான் வேலை பாத்த ஆபீஸ்க்கு வர்ற பையன் ஒருத்தன், 'எனி கீய தேடும் பெரியவரே, எங்க வச்சீங்க மூளைய'ன்னு எழுதி எல்லாருக்கும் அனுப்பிட்டான், 'எனி கீ'ன்னா ஏதாவது ஒரு பட்டன்னு தெரியாம நான் கீபோர்டுல தேடுனத வச்சு, அது என்ன பத்திதான்னு ஆபீஸ்ல அத்தன பேருக்கும் தெரியும். நாங்கெல்லாம் டைப்ரைட்டிங் லோயர் ஹையர் பாஸ் பண்ணி உள்ள வந்தவங்க. ஒருநாள் காலைல மிசின எடுத்துட்டு டேபிள்ல டிவி பொட்டிய வச்சுட்டு போயிட்டாங்க, கத்துக்குடுக்க ஒரு ஆள் கெடையாது. கடலூர்லேந்து வர்ற பைல தொறந்தா ஒரே கொத்துபுரோட்டாவா இங்கிலீஷ் எழுத்தா வரும், உங்க ஆளு வந்து பாத்துட்டு "பாண்ட் இல்ல சார்"னு, அதாவது அந்த எழுத்துரு இல்லன்னு சொல்லிட்டு போவாரு. அவங்க வானவில்ங்கிற பாண்ட்டுல அடிச்சிருப்பாங்க, எங்ககிட்ட பாமினி பாண்ட் இருக்கும், ஒண்ணுக்கொண்ணு உள்ள இருக்குற நம்பரே வேற. 2010லயே தமிழ்நாடு அரசு, எல்லா மிசின்லயும் ஒரே நம்பர் வர்ற யூனிகோடுதான்னு ஆணை போட்டாச்சு, அதுக்கப்பறமும் வருசக்கணக்கா கொத்துபுரோட்டா வந்துகிட்டுதான் இருந்துச்சு. இதுல மூளை யாருது தொலஞ்சுதுன்னு சொல்லுங்க.

லேன்கேபிள்:
ஐயா அந்த பையன் பண்ணது தப்பு, நான் அவனுக்காக பேசல. ஆனா நாங்க யாரை வச்சுதான் சிரிக்கிறது? வேலையில நாள் பூரா டேபிளுக்கு அடியில இருக்கோம், மேல இருக்குறவங்க செருப்புதான் தெரியும். நம்ம ஊர் பசங்க பாடுற ஒண்ணு இருக்கு, நெட் கேபிள் முனைல பிளக் மாட்டி கிரிம்பிங் பண்ணும்போது கம்பி கலர் வரிசை மறக்காம இருக்க:

வெள்ள ஆரஞ்சு ஆரஞ்சு
வெள்ளப் பச்ச நீலம்
வெள்ள நீலம் பச்ச
வெள்ளப் பிரவுன் பிரவுனு
எட்டுக் கம்பியும் எடத்துல இருக்கு
இன்னாத்துக்கு நெட்டு வரல
சுவிட்ச்சு பிளக்க புடுங்கிப்புட்டு
செல்லு சார்ஜு போட்டது யாரு

இதுல யார் பேரும் இல்ல, வயசும் இல்ல. ஆனா ஆபீஸ்ல வாசிச்சா நாலு பேரு தலைய குனிவாங்க.

கெடிலத்தான்:
இதான் சொல்றேன், உள்ள இருக்குறவனுக்குத்தான் புரியும். திருப்பாப்புலியூர் பஸ்ஸ்டாண்டுல நிக்கிற ஆளுக்கு வெள்ளப்பச்ச நீலம்னா கட்சிக்கொடி. நான் எழுதுனது எல்லாருக்கும் புரியும், காமெடின்னா அதான். ஸ்பூலர் கியூன்னு எழுதிட்டு கீழ உரை எழுதுவீங்களா?

லேன்கேபிள்:
சரி பஸ்ஸ்டாண்டு ஆளுக்கே ஒண்ணு. பாண்டில சாமான் வாங்கிட்டு பைக்ல வர்றவன் கதை:

ஆல்பேட்டை செக்போஸ்ட்டுல
வண்டிய ஓரங்கட்டி
பையில என்னான்னு கேட்டாரு
எஸ்எம்பிஎஸ்னு சொன்னேன்
அது எத்தன எம்எல்லுன்னு கேட்டாரு

சுண்டல்_சில்வர்பீச்:
யோவ் 😂😂 செத்தேன். பாண்டி பக்கத்துல பொறந்தா சிஸ்டத்துக்கு கரண்டு குடுக்குற பொட்டிக்கும் சந்தேகம்

பழைய_கிளார்க்:
இது நல்லா இருக்கு தம்பி. யாரு மனசும் நோவல, அந்த போலீஸ்காரரே படிச்சா சிரிப்பாரு.

கெடிலத்தான்:
ஐயா அங்கயும் எஸ்எம்பிஎஸ்னா என்னான்னு யாருக்கும் தெரியாது, செக்போஸ்ட் தெரிஞ்சதாலதான் சிரிச்சீங்க. என் கட்சி ஜெயிச்சுது.

தளைதட்டி (புதுச்சேரி):
ரெண்டு கட்சியும் தோத்துச்சு. நீங்க போடுறது எல்லாம் உடைச்சு போட்ட உரைநடை, அதான் ஒருதடவ சிரிச்சதும் மறந்துபோவுது. சிரிப்பு மனசுல நிக்கணும்னா கட்டு வேணும். காளமேகம் பாம்பையும் வாழைப்பழத்தையும் ஒரே வெண்பாவுக்குள்ள போட்டாரு, இத்தன நூறு வருசம் ஆச்சு, இன்னும் வாத்தியாருங்க வகுப்புல சொல்லி சிரிக்க வைக்கிறாங்க. நீங்க விரும்புற அதே ரப்பர் மேட்டர்ல ஒரு குறள் வெண்பா:

ராமைத் துடைத்து ரசீது கொடுத்தாலும்
ஆமாம் அடுத்தமாசம் வா

தேமா புளிமா, மா முன் நிரை, காய் முன் நேர், கடைசில 'வா' நாள் வாய்பாடு. தளை தட்டுதுன்னு எவனாவது சொல்லட்டும் பாக்கலாம். பில்லு குடுத்தா பணம் வராத கதைய ஏழு சீர்ல சொல்லியாச்சு.

லேன்கேபிள்:
அண்ணா தளை எனக்கு தெரியாது ஆனா அந்த 'அடுத்தமாசம் வா' சத்தியமான உண்மை. ஏஎம்சி (வருச பராமரிப்பு ஒப்பந்தம்) போட்ட ஒரு எடத்துல இன்னும் பாக்கி நிக்கிது, பேரு வேணாம். நாலு சிஸ்டம்னு பேசி ஒத்துகிட்டு உள்ள போனா முதலாளி வூட்டு பையன் லேப்டாப்பும் சேந்து அஞ்சா ஆவும். இன்னொண்ணு, விண்டோஸ் பத்துக்கு 2025 அக்டோபர் 14ஓட இலவச அப்டேட்ட நிறுத்திட்டாங்க, பழைய மிசினு பதினொண்ணுக்கு ஏறாது டிபிஎம் 2.0ன்னு ஒரு பாதுகாப்பு சிப்பு கேக்குது, இத ஓனர்கிட்ட சொன்னா நான்தான் கமிசனுக்காக புது சிஸ்டம் தள்ளி உடுறேன்னு பாக்குறாரு. இதுக்கு ஒரு வெண்பா போடுங்க.

தளைதட்டி:
டிபிஎம் சீருக்குள்ள அடங்காது. மாசக்கடைசில பாக்குறேன்.

துப்பட்டா_டார்ச் (லாஸ்பேட்டை):
இவ்ளோ நேரமா படிக்கிறேன். கெடிலத்தான் சார் கவிதைல வர்றவரு 'வருவாரு', 'கேப்பாரு'. அதாவது சர்வீஸ்க்கு வர்றதுன்னா ஆம்பளை. இந்த மாதிரி காமெடி எங்க பாத்தாலும் சிஸ்டம் தெரியாம முழிக்கிறது மட்டும் ஒரு மேடம், அதுவும் போன் பண்ணி "பாஸ்வேர்டு ஸ்டார் ஸ்டாரா தெரியுது"ன்னு சொல்லுவாங்க. நான் பாண்டில பீல்டு வேலைதான் பாக்குறேன். என்னுது:

இன்ஜினியர் எப்ப வருவாருன்னு கேட்டாங்க
அவரு வந்து அரைமணி ஆச்சு
உங்க டேபிளுக்கு அடியிலதான்
துப்பட்டாவ முடிஞ்சிகிட்டு
டார்ச்ச பல்லுல கடிச்சிகிட்டு இருக்காரு

கெடிலத்தான்:
மேடம் அது வசதிக்கு எழுதுறது, ஓசைக்கு 'வருவாரு' நல்லா உக்காருது. வேணும்னு பண்ணல.

துப்பட்டா_டார்ச்:
ஓசைக்கு 'வருவாங்க'வும் உக்காரும் சார், ஒரு எழுத்துதான் கூடும். அந்த பெஞ்சல் புயல் 2024 நவம்பர் கடைசில பாண்டிய அடிச்சு ஊத்துனப்ப, தண்ணி பூந்த ஆபீஸ்லேந்து சிபியுவ எல்லாம் தூக்கிட்டு வந்து மேசைல கவுத்து காய வச்சது நானு. போர்டுல கரண்டு உடறதுக்கு முன்னாடி நல்லா காய வைக்கணும்னு சொன்னா "மேல ஒரு தடவ கேட்டுட்டு சொல்லுங்கம்மா"ன்னாங்க. மேலன்னா யாரு, மாடில வாட்ச்மேன்தான் இருந்தாரு.

பழைய_கிளார்க்:
அம்மா இது கவிதையவிட நல்லா இருக்கு. நானும் முயற்சி பண்றேன், தளைதட்டி ஐயா மன்னிக்கணும்:

சின்ன பிரச்சனதான் சார்னு
சிரிச்சிகிட்டே சொன்னாங்க
பெரிய மூச்சு உட்டேன்
பேக்கப் இருக்கான்னு கேட்டாங்க
உள்ள போன மூச்சு
இன்னும் வெளிய வரல

தளைதட்டி:
பெரிய மூச்சு 'உட்டேன்'னா அது வெளிய போன மூச்சு, அப்பறம் எந்த மூச்சு உள்ள போச்சு?

பழைய_கிளார்க்:
பேக்கப்னு கேட்டதும் இழுத்த மூச்சு. நீங்க கவர்ன்மெண்ட் ஆபீஸ்ல இருந்திருந்தா கேக்கவே மாட்டீங்க.

லேன்கேபிள்:
ஐயா சூப்பர், ஸ்டேட்டஸ் வைக்கிறேன். ஆனா நாங்க பேக்கப் கேக்கறது பயமுறுத்த இல்ல, டிஸ்க்குலேந்து டிக்கு டிக்குன்னு சத்தம் வருதுன்னா நாங்களும் அதே மூச்சுலதான் நிக்கிறோம், போச்சுன்னா பழி எங்க தலைலதான் விழும்.

துப்பட்டா_டார்ச்:
கிளார்க் ஐயா 'சொன்னாங்க', 'கேட்டாங்க'ன்னு எழுதியிருக்காரு பாருங்க கெடிலத்தான் சார், ஓசை கெட்டுப்போச்சா?

கெடிலத்தான்:
மரியாதைக்கு எழுதியிருப்பாரு மேடம்.

பழைய_கிளார்க்:
இல்ல தம்பி. எங்க ஆபீஸ்க்கு கடைசி மூணு வருசமா வந்தது ஒரு பொண்ணுதான்.