புதிய ஏற்பாட்டில் ஆசாரியன் வேறு, மூப்பர் வேறா?

கேள்வி:
1 பேதுரு 2:9 விசுவாசிகள் எல்லாரையும் "ராஜரீகமான ஆசாரியக்கூட்டம்" என்கிறது. எபிரெயர் நிருபமோ கிறிஸ்துவைப் பிரதான ஆசாரியர் என்கிறது. அப்படியானால் தீத்து 1:5இல் பட்டணந்தோறும் ஏற்படுத்தச் சொன்ன மூப்பர்கள் யார்? அவர்களும் ஆசாரியர்கள்தானா?

பதில் 1:
கிரேக்கச் சொல்லைப் பிடியுங்கள், முடிச்சு அவிழும். பலி செலுத்துகிற ஆசாரியன் ஹியரெயுஸ், சபையை நடத்துகிற மூப்பர் பிரெஸ்பூட்டெரோஸ். ஒத்துவாக்கியத்தை (ஒரு சொல் வரும் வசனங்களைப் பட்டியலிடும் நூலை) வைத்துக்கொண்டு ஹியரெயுஸ் வரும் வசனங்களைப் பிரித்து எழுதிப் பாருங்கள். எருசலேம் ஆலயத்து ஆசாரியர்கள் ஒரு பக்கம். ஆபிரகாம் காலத்து ராஜாவும் ஆசாரியனுமான மெல்கிசேதேக்கும் கிறிஸ்துவும் ஒரு பக்கம். வெளிப்படுத்தல் 1:6, 5:10, 20:6இல் விசுவாசிகள் எல்லாரும். சபையின் மூப்பர் ஒருவரைக்கூட அந்தச் சொல்லால் அழைத்த வசனம் கிடைக்காது.

தமிழ்ச் சொல்லை மட்டும் தேடினால் ஒன்று தப்பிவிடும்: அப்போஸ்தலர் 14:13இல் லீஸ்திரா பட்டணத்தில் பவுலுக்கும் பர்னபாவுக்கும் பலியிட எருதுகளோடும் பூமாலைகளோடும் வந்தவரும் மூலத்தில் ஹியரெயுஸ்தான். தமிழ் வேதாகமத்தின் பழைய திருப்புதல் அவரைப் "பூசாரி" ஆக்கிவிட்டது.

பதில் 2:
சரி, ஆனால் அதை வைத்து "எல்லாரும் ஆசாரியர், ஆகவே தனி ஊழியம் கிடையாது" என்று தாண்டிவிடாதீர்கள். பேதுருவின் சொற்றொடர் யாத்திராகமம் 19:6இலிருந்து வருகிறது. இஸ்ரவேல் முழுவதும் ஆசாரிய ராஜ்யம் என்று சொன்ன அதே நூலில்தான், 28ஆம் அதிகாரத்தில், ஆரோனும் அவன் குமாரரும் தனியே பிரிக்கப்படுகிறார்கள். ரோமர் 15:16இல் பவுலும் தன் சுவிசேஷ ஊழியத்துக்கு ஆசாரியப் பணியைக் குறிக்கும் வினையையே போடுகிறார். அது உருவகம்தான், ஆனாலும் கணக்கில் எடுக்க வேண்டும். ஆனால் சபையில் தனி ஆசாரியர் உண்டு என்பதற்கு அப்போஸ்தலர் 6:7ஐ ஆதாரமாக இழுக்காதீர்கள். அங்கே விசுவாசத்துக்கு வந்தவர்கள் யூத ஆசாரியர்கள்.

பதில் 3:
குழப்பத்தில் பாதி புதிய ஏற்பாட்டுக்குப் பின்னால் வந்தது. புதிய ஏற்பாட்டிலோ, அப்போஸ்தலர் 20:17இல் "மூப்பர்", 20:28இல் "கண்காணிகள்": ஒரே ஆட்கள். முதல் நூற்றாண்டின் இறுதியை ஒட்டி எழுதப்பட்ட ஆதிச் சபைத் தலைவரான ரோம கிளமெந்துவின் கடிதம், 40ஆம் அதிகாரத்தில், பிரதான ஆசாரியர், ஆசாரியர், லேவியர் என்ற வரிசையைச் சபை ஒழுங்குக்கு எடுத்துக்காட்டாகக் காட்டுகிறது. ஆதிச் சபையின் ஒழுங்கு நூலான திதாகேயின் 13ஆம் அதிகாரத்தில் "உங்கள் பிரதான ஆசாரியர்கள்" என்று சொல்லப்படுவது தீர்க்கதரிசிகள், அதுவும் முதற்பலனை யாருக்குக் கொடுப்பது என்ற பேச்சில். கி.பி. 200ஐ ஒட்டி, வட ஆப்பிரிக்கச் சபை எழுத்தாளர் தெர்த்துல்லியன் ஆயரையே (பிஷப்பையே) பிரதான ஆசாரியர் என்று அழைக்கிறார்.

இன்னொன்று: ஆங்கிலத்தின் 'பிரீஸ்ட்' பிறந்ததே பிரெஸ்பூட்டெரோஸிலிருந்து. ஆனால் அதே சொல்லால்தான் ஹியரெயுஸையும் பெயர்க்கிறார்கள். அதனால் ஆங்கில வேதாகமத்தை வைத்து இந்தக் கேள்வியை அலசினால் சுற்றிச் சுற்றி அதே இடத்துக்கு வருவீர்கள். திருவிவிலியத்தில் (கத்தோலிக்கரும் மற்றச் சபைகளும் சேர்ந்து செய்த பொது மொழிபெயர்ப்பில்) ஹியரெயுஸ் "குரு", பிரெஸ்பூட்டெரோஸ் "மூப்பர்". இரண்டு தமிழ்ப் பெயர்ப்புகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து எபிரெயர் 7ஐ வாசியுங்கள். 14ஆம் வசனத்தில் நிருபத்தை எழுதியவர் யூதா கோத்திரத்தை ஏன் இழுக்கிறார் என்பதிலிருந்து தொடங்குங்கள்.