புதுப்பிப்பு: ஹோர்ட்டன் சமவெளிச் சுற்றுப்பாதையில் எந்தப் பக்கம் முதலில்?

இலங்கையின் ஹோர்ட்டன் சமவெளித் தேசியப் பூங்காவின் இந்த நடைபாதை பற்றி முந்தைய இழையில் தூரம் சுமார் 9.5 கி.மீ., நேரம் 3 முதல் 4 மணி என்று மட்டும் எழுதியிருந்தேன். திசை, வழுக்கல், சாப்பாடு பற்றிப் பலர் கேட்டதால் இந்தச் சேர்க்கை.

நடை தொடங்கும் ஃபார் இன் பார்வையாளர் நிலையத்திலிருந்து போய்ப் பாதை பிரியும் இடத்தில் சின்ன உலக முடிவு என்ற செங்குத்து மலைவிளிம்புப் பக்கம் திரும்புங்கள்; அதைத் தாண்டித்தான் பெரிய விளிம்பான உலக முடிவு. காரணம் பனிமூட்டம். வெயில் ஏற ஏறப் பள்ளத்தாக்கின் ஈரக்காற்று சரிவில் மேலெழுந்து குளிர்ந்து மேகமாகிவிடும். பெரும்பாலான நாட்களில் 9, 10 மணிக்குமேல் உலக முடிவின் ஏறத்தாழ 870 மீட்டர் பள்ளம் வெறும் வெள்ளைச் சுவர்தான். பேக்கர் நீர்வீழ்ச்சிக்கு மூட்டம் ஒரு பொருட்டல்ல; அதைத் திரும்பும் வழிக்கு வையுங்கள். ஆறு மணிக்கே வாசலில் நிற்பது நல்லது.

பத்தனை எனப்படும் மலைப் புல்வெளியில் நடை சுலபம், ஆனால் நிழலே கிடையாது. காட்டுக்குள் வேரும் கல்லும் ஈரமாகவே கிடக்கும். அருவிக்கு இறங்கும் இடத்தில்தான் அதிகம் வழுக்கும். அடி தேய்ந்த சப்பாத்து வேண்டாம். உயரம் 2,100 மீட்டர் என்பதால் விடியலில் நடுங்கவைக்கும், பிறகு வெயில் சுடும். கழற்றக்கூடிய மேலாடையும் தொப்பியும் போதும்.

பொலித்தீனை வாசலிலேயே எடுத்துவிடுவார்கள். சாப்பாட்டைப் பெட்டியில் கொண்டுபோங்கள். வாகனத் தரிப்பிடத்தில் மரைகள் (பெரிய மான்கள்) கிட்ட வரும். எதுவும் கொடுக்காதீர்கள்.