இதய நோய்க்கு மாற்றுத்திறனாளிச் சான்று கிடைக்கவில்லை, வேறு உதவி உண்டா?

நூற்பாலைத் தொழிலாளியின் மனைவி:
வணக்கம். என் கணவருக்கு வயது 43. வேடசந்தூர்ப் பக்கம் ஒரு நூற்பாலையில் ஒன்பது ஆண்டுகளாக ரிங் பிரேமில் (நூல் நூற்கும் எந்திரம்) வேலை. பொங்கல் முடிந்த வாரம் மாரடைப்பு வந்து ஸ்டென்ட் வைத்தார்கள். எக்கோவில் பம்பிங் (இதயம் ரத்தத்தை வெளியே தள்ளும் அளவு) 30 சதவீதம் என்று இருக்கிறது. பத்துப் படி ஏறினாலே மூச்சு வாங்குகிறது. பாரம் தூக்கவே கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். மாற்றுத்திறனாளிகள் முகாமுக்குப் போனோம். இதய நோய் பட்டியலில் இல்லை என்று அனுப்பிவிட்டார்கள். வெளியே நின்ற ஒருவர், பணம் கொடுத்தால் கால் ஊனம் என்று 40 சதவீதச் சான்று வாங்கித் தருவதாகச் சொன்னார். மில்லிலோ, ராஜினாமா எழுதிக் கொடுத்தால் பி.எஃப். பணம் மொத்தமும் வந்துவிடும் என்கிறார்கள். பிள்ளைகள் இருவரும் படிக்கிறார்கள். கையெழுத்துப் போடலாமா?

பழைய சங்கக்காரர்:
போட வேண்டாம் தங்கச்சி. மற்றதெல்லாம் பிறகு. இன்று வீட்டுக்கு யாராவது தாளைக் கொண்டுவந்து நீட்டினாலும் கையெழுத்து வேண்டாம்.

சம்பளச் சீட்டில் இ.எஸ்.ஐ. (தொழிலாளர் அரசுக் காப்பீடு) பிடித்தம் இருக்கிறதா என்று பார்த்துச் சொல்லுங்கள்.

நூற்பாலைத் தொழிலாளியின் மனைவி:
இருக்கிறது அண்ணா. மாதம் 14,000 சம்பளம். சேர்ந்ததிலிருந்தே பிடிக்கிறார்கள். ஆனால் மாரடைப்பு வந்த இரவில் பக்கத்தில் இருந்த தனியார் மருத்துவமனைக்குத்தான் தூக்கிக்கொண்டு ஓடினோம்.

பழைய சங்கக்காரர்:
அப்படியானால் நீங்கள் தட்ட வேண்டிய கதவு வேறு. முகாமில் சொன்னது சட்டப்படி சரிதான். 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தில் 21 வகைக் குறைபாடுகள் இருக்கின்றன. தலசீமியா இருக்கிறது, பார்க்கின்சன் நோய் இருக்கிறது, இதய நோய் இல்லை. படி ஏற முடியாத மனிதனை இந்தப் பட்டியல் விட்டுவிட்டது பெரிய குறை என்றே நான் நினைக்கிறேன். ஆனால் அது திருந்தும் வரை உங்கள் வீட்டில் அடுப்பு எரிய வேண்டுமே.

இ.எஸ்.ஐ.யில் நோய்க்கால உதவித்தொகை என்று ஒன்று உண்டு. ஆறு மாதப் பங்களிப்புக் காலத்தில் 78 நாட்களுக்குச் சந்தா கட்டியிருந்தால், ஓர் ஆண்டில் 91 நாட்கள் வரை சராசரி நாள் ஊதியத்தில் 70 சதவீதம் கிடைக்கும். பலர் இதோடு நின்றுவிடுகிறார்கள். நீண்டகால நோய்கள் 34க்கு நீட்டிக்கப்பட்ட உதவி தனியாக இருக்கிறது. ஊதியத்தில் 80 சதவீதம், இரண்டு ஆண்டுகள் வரை. அந்த 34க்குள் இதய நோய்களும் வருகின்றன. மாரடைப்புக்குப் பிறகு பம்பிங் 45 சதவீதத்துக்குக் கீழே இருப்பது, இதயச் செயலிழப்பு ஆகியவை அதில் அடங்கும். உங்கள் வீட்டுக்காரருக்கு 30தான். நாள் ஊதியம் 500 ரூபாய் என்று வைத்தால் முதலில் 350, நீட்டிப்பில் 400. நீட்டிப்புக்கு இரண்டு ஆண்டுத் தொடர்ந்த பணியும், நான்கு பங்களிப்புக் காலங்களில் 156 நாள் சந்தாவும் வேண்டும். ஒன்பது ஆண்டு வேலை பார்த்தவருக்கு அது தடையாக இருக்காது.

தனியார் மருத்துவமனை என்பதால் தயங்காதீர்கள். டிஸ்சார்ஜ் அறிக்கை, ஆஞ்சியோ, எக்கோ எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டு இ.எஸ்.ஐ. டிஸ்பென்சரிக்கு உடனே போங்கள். வேறு மருத்துவச் சான்றையும் ஏற்றுக்கொள்ள விதியில் இடம் இருக்கிறது. இனிமேல் ஒரு நாள்கூட இடைவெளி விழாமல் அங்கேயே சிகிச்சைச் சான்று வாங்கிக் கிளை அலுவலகத்தில் கொடுங்கள். மாத்திரையும் அங்கே இலவசம்.

உதவித்தொகை வாங்கும் காலத்தில் தொழிலாளியை வேலையை விட்டு நீக்கக் கூடாது என்று 2025 நவம்பர் வரை நடைமுறையில் இருந்த இ.எஸ்.ஐ. சட்டத்தின் 73ஆம் பிரிவு சொன்னது. இப்போதைய விதி என்ன என்று கிளை அலுவலகத்தில் கேட்டுக்கொள்ளுங்கள். நிர்வாகம் ராஜினாமாவாகக் கேட்பதை இந்தப் பிரிவோடு சேர்த்துப் பாருங்கள். தானாக எழுதிக் கொடுத்தால் அப்படிப்பட்ட பாதுகாப்பைக் கேட்க முடியாமல் போய்விடும்.

கரூர் வாசகர்:
அந்தத் தரகரின் பக்கமே போகாதீர்கள் அக்கா. பொய்ச் சொல்லி மாற்றுத்திறனாளிச் சலுகை பெற்றால் அந்த 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் சட்டத்திலேயே இரண்டு ஆண்டு வரை சிறை, அல்லது ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். என் சித்தப்பாவுக்கு மாரடைப்புக்குப் பிறகு பக்கவாதம் வந்து இடது கை விழுந்துவிட்டது. அவருக்கு இயக்கக் குறைபாடு என்று முறையாகவே சான்று கொடுத்தார்கள். உங்கள் வீட்டுக்காரருக்குக் கை கால் நன்றாக இருக்கும்போது அந்த வழி இல்லை.

பி.எஃப். ஆலோசகர்:
ராஜினாமா வேண்டாம் என்பதற்கு இன்னொரு காரணமும் இருக்கிறது. 1995ஆம் ஆண்டு ஊழியர் ஓய்வூதியத் திட்டத்தில் ஊன ஓய்வூதியம் உண்டு. ஒரு மாதச் சந்தா கட்டியிருந்தாலே போதும், பத்து ஆண்டு ஆக வேண்டியதில்லை. ஆனால் பணியில் இருக்கும்போதே நிரந்தர முழு ஊனம் ஏற்பட்டிருக்க வேண்டும். மருத்துவக் குழு பார்ப்பது மாற்றுத்திறனாளிச் சான்றின் 40 சதவீதக் கணக்கை அல்ல. அவர் செய்துவந்த அதே வேலைக்கு நிரந்தரமாகத் தகுதியற்றவராகிவிட்டாரா என்பதைத்தான். ஆகவே ரிங் பிரேமில் என்ன வேலை, எட்டு மணி நேரமும் நிற்க வேண்டுமா, எவ்வளவு பாரம் தூக்க வேண்டும் என்பதை இதய மருத்துவரின் கடிதத்தில் எழுதி வாங்குங்கள். அதற்கான விண்ணப்பப் படிவம் 10-டி. குறைந்தபட்ச ஓய்வூதியம் மாதம் 1,000 ரூபாய்தான். போதாது, தெரியும். ஆனாலும் வாழ்நாள் முழுவதும் வரும்.

மருத்துவச் செலவுக்கு பி.எஃப்.பில் முன்பணம் எடுக்க ராஜினாமா தேவையில்லை.

நூற்பாலைத் தொழிலாளியின் மனைவி:
டிஸ்பென்சரிக்குப் போய் வந்தோம். டாக்டர் எல்லாத் தாள்களையும் பார்த்துச் சான்று எழுதிக் கொடுத்துவிட்டார். இதய மருத்துவரிடமும் அனுப்பியிருக்கிறார். ஓய்வூதியத்துக்கு இப்போதே எழுதிப் போடலாமா?

பி.எஃப். ஆலோசகர்:
பொறுங்கள். சிகிச்சையில் பம்பிங் கூடக்கூடும், கூடினால் அதைவிட நல்லது எதுவும் இல்லை. இ.எஸ்.ஐ. தொகை வந்துகொண்டிருக்கும் காலம் முழுவதும் சிகிச்சை நடக்கட்டும். பழைய எக்கோ அறிக்கைகளைத் தேதி வரிசையில் பத்திரப்படுத்துங்கள். பம்பிங் கூடவே இல்லை, இனி அந்த வேலை முடியாது என்று மருத்துவர் எழுதிக் கொடுத்தால் பணியில் இருக்கும்போதே 10-டி கொடுத்துவிடலாம்.