'பட்டினா'வுக்கு ஒரு தமிழ்ச்சொல்: தோல் கைப்பைகளை முன்வைத்து

காரைக்குடி, தோல்பொருள் சீரமைப்பு:

குழுவினர் அனைவருக்கும் வணக்கம்.

கைப்பை பராமரிப்புச் சொற்பட்டியல் பெரும்பாலும் முடிந்துவிட்டது. தோலின் வெட்டு விளிம்பில் பூசும் 'எட்ஜ் பெயின்ட்' என்பதற்குக் கண்டாங்கிச் சேலையின் கரையை நினைத்துக் 'கரைப்பூச்சு' என்றோம். வறண்ட தோலுக்குத் தடவும் 'கண்டிஷனர்' இனி 'நெய்ப்பூட்டி'. 'பதமூட்டி'யைத் தள்ளியதற்குக் காரணம், பதனிடுதல் என்பது பச்சைத்தோலைத் தோலாக்கும் தொழிற்சாலை வேலை. பை வைத்திருப்பவர் வீட்டில் செய்வது அதுவல்ல. மிச்சம் நிற்பது 'பட்டினா'.

பிரெஞ்சு நிறுவனமான லூயி வுயித்தோனின் மோனோகிராம் பையை எடுத்துக்கொள்வோம். அதன் உடல் தோலே அல்ல, பிவிசி பூசிய பருத்திக் கான்வாஸ். கைப்பிடி, வார், ஓரப்பட்டை இவைதான் தோல். அதுவும் தாவரத் துவர்ப்பில் (டானின்) பதனிட்டு, மேலே பூச்சு ஏதும் இல்லாமல் விட்ட மாட்டுத்தோல். 'வச்செட்டா' என்பார்கள். புதிதில் வெளிறிய சந்தன நிறம். வெளிச்சமும் காற்றும் கையின் எண்ணெய்ப் பிசுக்கும் சேரச்சேரத் தேன் நிறமாகி, ஆண்டுகள் போனால் கருப்பட்டி நிறத்தை எட்டும். கூடவே அடங்கிய ஒரு பளபளப்பும் வரும். அந்த நிறமும் பளபளப்பும் சேர்ந்ததுதான் பட்டினா.

பழைய பை விற்கும் இடங்களில் இந்த ஒரு சொல்லுக்குள் எல்லாவற்றையும் திணிக்கிறார்கள். கைப்பிடி அழுக்கு பட்டினா, தண்ணீர்க்கறை பட்டினா, முனை தேய்ந்திருந்தால் அதுவும் பட்டினா. நம்பி வாங்கியவர், காசு கொடுத்து வாங்கிய நிறத்தையே சோப்புப் போட்டுத் தேய்த்து எடுக்கிறார். அல்லது உளுத்துக்கொண்டிருக்கும் தோலைப் பழமையின் அழகு என்று சும்மா விட்டுவிடுகிறார். அழுக்கையும் சிதைவையும் உள்ளே விடாத சொல் வேண்டும். என் முன்மொழிவு: காலமெருகு.

தேவகோட்டை, தமிழாசிரியர்:

ஐயா, புதிதாக ஆக்குமுன் இருப்பதைப் பார்த்துவிடுவோம். உலோகத்தில் காலப்போக்கில் ஏறுவதற்குக் 'களிம்பு' என்ற சொல் அகராதியிலேயே இருக்கிறது. செம்புச்சிலையின் பச்சையை ஆங்கிலத்தில் பட்டினா என்கிறார்கள், நாம் களிம்பு என்கிறோம். தோலுக்கும் அதையே நீட்டலாமா?

கானாடுகாத்தான்:

வேண்டவே வேண்டாம். களிம்பு என்றாலே எங்கள் பக்கம் கை புளியைத் தேடும். பித்தளைப் பாத்திரத்தில் களிம்பு ஏறினால் அதில் புழங்கக்கூடாது, துலக்கியாக வேண்டும். சைவ சித்தாந்தத்தில் ஆணவ மலத்துக்குச் சொல்லும் உவமையே செம்பில் களிம்புதான். நீக்க வேண்டியதற்கு உள்ள பெயரைக் காக்க வேண்டியதற்கு வைத்தால், படிப்பவர் பையையும் துலக்கிவிடுவார்.

எனக்குத் தோன்றுவது ஆத்தங்குடிக் கல். புதுத்தளம் சற்று மங்கலாகத்தான் இருக்கும். தேங்காயெண்ணெய் தொட்டுத் துடைத்து வந்தால், நடக்க நடக்க மெருகேறும். பைக்கும் அதே கதைதானே? எண்ணெய் வைத்தியம் உட்பட?

காரைக்குடி, உலோக அரிமானத் துறை:

கானாடுகாத்தான் ஆச்சி சொல்வதற்கு வேதியியலும் துணை நிற்கிறது. செம்பின் பச்சை என்பது மேலே படியும் தனிப் படலம், அடியில் செம்பு செம்பாகவே இருக்கும். தோலில் அப்படிப் படலம் எதுவும் படிவதில்லை. துவர்ப்பொருள் ஒளியிலும் காற்றிலும் மாறுவதால் தோலின் மேற்பரப்பே நிறம் மாறுகிறது. ஆகவே படிவைக் குறிக்கும் களிம்பு, பாசி போன்றவை பொருந்தா.

இன்னொன்று, களிம்பு பையிலேயே வேறோர் இடத்தில் வருகிறது. பித்தளை வளையமோ ஆணியோ எண்ணெய்ப் பசையுள்ள தோலைத் தொடும் இடத்தில் மெழுகு போலப் பச்சைப் பிசுக்கு திரளும். உலோகத்தின் செம்பும் தோலின் கொழுப்பமிலமும் சேர்ந்து உண்டாவது அது. அதைச் சொல்ல நமக்குக் களிம்பு தேவை. எடுப்பதற்கு மரப் பல்குச்சியும் உலர்ந்த பஞ்சும் போதும். புளி, எலுமிச்சை, பித்தளைப் பசை எதையும் கொண்டுபோக வேண்டாம். வளையத்தின் பொன்முலாம் மைக்ரான் கணக்கில்தான் இருக்கும். தேய்த்தால் முலாம் போகும், வழிந்த பசை தோலில் கறையாகும்.

'காலமெருகு' மீது எனக்கு ஐயம் உண்டு. பையைப் பெட்டிக்குள் பூட்டிப் 10 ஆண்டு வைத்தால் காலம் போகிறது, மெருகு எங்கே வருகிறது?

காரைக்குடி, தோல்பொருள் சீரமைப்பு:

> எண்ணெய் வைத்தியம் உட்பட?

ஆச்சி, உவமை அருமை, வைத்தியம்தான் ஆகாது. தளத்தின் மிச்ச எண்ணெயைத் துணியும் காலும் எடுத்துப்போய்விடும். தோல் குடித்ததை வெளியே விடாது. தேங்காயெண்ணெய் மார்கழியில் பாட்டிலில் உறைவதுபோல் தோலின் துளையிலும் உறைந்து வெள்ளையாகப் பூக்கும். பார்த்தவர் பூஞ்சை என்று நினைத்து ஆல்கஹாலால் துடைப்பார். தலைமுடி உலர்த்தியைக் குறைந்த சூட்டில் ஒரு சாண் தள்ளிப் பிடித்துப் பாருங்கள்: கொழுப்புப்பூ சில நொடியில் உருகி மறையும், பூஞ்சை அப்படியே இருக்கும். நல்லெண்ணெய் காற்றுப் பட்டுப் பிசினாகித் தூசியைப் பிடிக்கும். விளக்கெண்ணெய் பிசினாகாது என்றாலும் தோலைத் திட்டுத்திட்டாகக் கறுக்கவைக்கும்.

நெய்ப்பூட்டி என்றால் பசையாக வரும் வகை, ஒரு கைப்பிடிக்குப் பச்சைப்பட்டாணி அளவு, ஆண்டுக்கு இரண்டு முறை. துணியில் எடுத்து, துணியிலேயே பரத்தி, பிறகுதான் தோலைத் தொட வேண்டும். நேராகத் தோலில் வைத்தால் வைத்த இடம் மட்டும் கறுக்கும். வச்செட்டாவில் அதுவும் நிறத்தை ஒரு படி கறுக்கவைக்கும் என்பதால், தோல் வறண்டு மடிப்பில் கோடு விழத் தொடங்கினால் மட்டும்.

காலமெருகு பற்றிய ஐயத்தை ஏற்றுக்கொள்கிறேன். ஒரு கைப்பிடியை உற்றுப் பார்த்தாலே தெரியும். உள்ளங்கை படும் மேல்வளைவு ஆழ்ந்த நிறம். பக்கங்கள் தேன் நிறம். கைப்பிடியை உடலோடு சேர்க்கும் தோல்நாக்கைச் சற்றே தூக்கினால், அடியில் இன்னும் சந்தன வெளுப்பு. மூன்றுக்கும் வயது ஒன்றுதான். வெளிச்சமும் கையும் பட்ட அளவு வேறு.

போலியைப் பிடிப்பதும் இங்கேதான். நாக்கின் அடியிலும் தையல் நூலின் கீழும் மேற்புறத்தின் அதே கருமை இருந்தால் சாயமோ தேயிலைத் தண்ணீரோ ஏற்றியிருக்கிறார்கள் என்று ஐயப்படலாம். மறைவான இடத்தில், லேசாக நனைத்த வெள்ளைப் பஞ்சுக்குச்சியால் தொடுங்கள். பழுப்பு ஒட்டிக்கொண்டு வந்தால் ஐயம் வலுக்கும். சொட்டு விட்டுச் சோதிக்காதீர்கள். பூச்சில்லாத தோலில் அந்தச் சொட்டே வட்டக்கறையாகி நிற்கும்.

பூச்சுள்ள தோலுக்கு இந்தச் சொல் வரவே கூடாது. இத்தாலிய நிறுவனமான பிராடாவின் சஃபியானோ தோலில் குறுக்குக்கோடு அழுத்தி மேலே பூச்சு கொடுத்திருப்பார்கள். அங்கே நடப்பது தேய்மானம், பட்டினா அல்ல. முனையில் நிறம் போனால் மீள்வண்ணம்தான் வழி: பிசுக்கெடுத்து, 600 எண் உப்புத்தாளால் லேசாக வருடி, நீர்க்கரைசல் நிறமியை மெல்லிய பூச்சாக நான்கைந்து முறை, ஒவ்வொன்றும் காய்ந்த பிறகு. ஒரே தடித்த பூச்சு மடிப்பில் ஒரு மாதத்தில் உரியும்.

தேவகோட்டை, தமிழாசிரியர்:

ஆச்சியின் கடிதத்தில் விடை ஒளிந்திருக்கிறது. 'நடக்க நடக்க மெருகேறும்' என்றார்கள். மெருகேற்றும் என்று சொல்லவில்லை, மெருகேறும். தன்வினை, பிறவினை. தமிழில் ஒரே ஒற்று இரண்டையும் பிரித்துவிடுகிறது. கையும் வெளிச்சமும் பட்டுத் தானாக ஏறியது 'ஏறுமெருகு'. தொழிற்சாலையிலேயே பழசுபோலச் செய்து தருவது 'ஏற்றுமெருகு'.

ஏறுமுகம், ஏறுவெயில் போல இதுவும் வினைத்தொகை. ஏறிய, ஏறுகின்ற, ஏறும் என மூன்று காலமும் உள்ளே இருக்கின்றன. பட்டினா ஒருநாளில் முடிவதல்ல என்பதால் இலக்கணமே பொருளுக்கு ஒத்துவருகிறது.

காரைக்குடி, உலோக அரிமானத் துறை:

மெருகு என்றாலே பாலிஷ், மெருகெண்ணெய் என்றால் வார்னிஷ். குழப்பம் வராதா?

தேவகோட்டை, தமிழாசிரியர்:

தனி மெருகு குழப்பும், முன்னே 'ஏறு' நின்றால் குழப்பாது. முட்டையின் வெள்ளைக்கரு சேர்த்துச் சுண்ணாம்பு பூசிய செட்டிநாட்டுச் சுவரில் கொத்தனார் தேய்த்தது ஒரு மெருகு, அதன்மேல் தலைமுறை தலைமுறையாகத் தோள் உரசி வந்தது இன்னொன்று.

கானாடுகாத்தான்:

ஏறுமெருகு நாவில் நன்றாக உட்காருகிறது. 'புழங்குமெருகு' என்றும் நினைத்தேன். வெளிச்சத்தில் சும்மா வைத்தாலும் நிறம் ஆழமாகும் என்றால் புழக்கம் மட்டும் காரணமில்லை, விட்டுவிடுகிறேன். ஆனால் ஏறுமெருகு, ஏற்றுமெருகு இரண்டும் கடைப்பட்டியலில் பக்கத்தில் பக்கத்தில் வந்தால் ஓர் எழுத்துப்பிழையில் விலையே மாறிவிடும். இரண்டாவதற்கு வேறு பெயர் வையுங்கள்.

காரைக்குடி, தோல்பொருள் சீரமைப்பு:

நியாயம். தொழிற்சாலையில் கொடுப்பது 'பூச்சுமெருகு'. இலக்கண அழகு கொஞ்சம் குறைகிறது, ஆசிரியர் பொறுத்தருள்க.

சொல் நிற்குமா என்று பழைய பைகளில் காணும் நான்கு நிலைகளில் வைத்துப் பார்த்தேன்.

கைப்பிடியில் கறுத்துப் பளபளக்கும் பட்டை. ஏறுமெருகு ஒளி ஊடுருவும், அடியில் தோலின் மயிர்த்துளை தெரியும். அழுக்கு துளையை அடைத்துவிடும். அடைத்திருந்தால் அழுக்கு என்றே எழுத வேண்டும். வெள்ளை ரப்பரால் ஒரே திசையில் மெல்லத் தேய்த்தால் மேலோட்டமானது போகும். புதிய எண்ணெய்க்கறைக்குச் சோளமாவை இரவு முழுக்கத் தூவிவைத்துக் காலையில் தட்டிவிடலாம். ஊறிப்போனது முழுதாக வராது. சோப்பு கூடாது: தாவரப் பதனீட்டுத் தோல் அமிலப் பக்கம், பிஹெச் 4 வாக்கில் இருக்கும், சாதாரணச் சோப்பு 9-க்கு மேல். நிறம் கறுத்துத் தோல் விறைக்கும்.

தண்ணீர் வட்டம். நனைந்த பகுதியின் ஓரத்துக்குக் கரைந்த துவர்ப்பொருளும் அழுக்கும் ஒதுங்குவதால்தான் விளிம்பு கறுக்கிறது. இது கறை. வட்டத்தை மட்டும் துடைத்தால் இன்னொரு வட்டம் வரும். காய்ச்சிவடித்த நீரில் நனைத்துப் பிழிந்த துணியால், ஒரு தையலிலிருந்து அடுத்த தையல் வரை முழுப் பட்டையையும் ஒரே சீராக ஈரமாக்கி, நிழலில் ஒரு நாள் காயவிட வேண்டும். பிறகு வளவுத் தாழ்வாரத்தில், நேர்வெயில் படாத வெளிச்சத்தில், சில நாளுக்கொரு முறை திருப்பிவைத்தால் நிறம் மெல்ல ஒன்றும். முற்றத்து உச்சிவெயிலில் வைத்தால் தோல் வறண்டு வெடிக்கும்.

நீலக்கறுப்புப் புள்ளிகள். இரும்பும் துவர்ப்பும் சேர்ந்த கறை, நம் கடுக்காய் மையின் அதே வினை. துருவேறிய கொக்கி, இரும்புச்சத்துள்ள ஆழ்குழாய்த் தண்ணீர் எதுவும் காரணமாகலாம். ஏறுமெருகு அல்ல.

கடைசியாக, பழம்பொருள் கடைகளில் காணும் பழைய தோல்பெட்டிகள். வெள்ளைத் துணியால் தொட்டால் செங்கல்தூள் போல வந்தால் அது சிதைவு. ஆங்கிலத்தில் 'ரெட் ராட்'. காற்றின் கந்தக மாசு தோலில் அமிலமாகி இழையை உளுக்கிவிடுகிறது. ஆவாரம்பட்டை போன்ற துவர்ப்பில் பதனிட்டது எளிதில் ஆட்படும், கடுக்காயில் பதனிட்டது கொஞ்சம் தாங்கும். போன வலு திரும்பாது. எண்ணெயோ நெய்ப்பூட்டியோ தடவினால் கறுத்து விறைக்கும். செய்யக்கூடியது இறுக்குவது மட்டும்: 100 மில்லி ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலில் 2 கிராம் ஹைட்ராக்ஸிபுரொப்பைல் செல்லுலோஸைக் கரைத்து மென்தூரிகையால் தொட்டு வைப்பது. இதற்குச் 'செந்தூள் சிதைவு' என்று தற்காலிகமாக எழுதுகிறேன். ஆட்சேபம் இருந்தால் தனி இழை தொடங்கலாம்.

நான்கிலும் ஏறுமெருகு வெளியே நின்றது. பட்டியலில் சேர்க்கும் வாசகம்:

ஏறுமெருகு (பெ.): பூச்சில்லாத தாவரப் பதனீட்டுத் தோலில் ஒளி, காற்று, கைப்புழக்கம் ஆகியவற்றால் தானாக வரும் நிற ஆழமும் பளபளப்பும். கறை, அழுக்கு, தேய்மானம், செந்தூள் சிதைவு இதில் அடங்கா. 'கைப்பிடியில் சீரான ஏறுமெருகு. இடது வாரில் ஒரு நீர்க்கறை. வளையத்தடியில் சிறிது களிம்பு.'

கானாடுகாத்தான்:

எடுத்துக்காட்டு வாசகத்தில் விற்பவர் உண்மை பேசுகிறார், அதுவே புதுமை. சம்மதம். 'ஏறு மெருகு' என்று பிரித்து எழுதாமல் சேர்த்தே போடுங்கள். பிரித்தால் யாரோ யாரையோ ஏறச் சொல்வதுபோல இருக்கிறது.