மறு: மாட்யூலர் லேஅவுட் – தமிழில் எப்படிச் சொல்லலாம்?

> 'கூறுநிலை அமைப்பு' என்று வைக்கலாமா? பொருள் சரியாகத்தானே இருக்கிறது?

வணக்கம் ஐயா,

மாட்யூலர் லேஅவுட் என்பது தனித்தனிப் பலகைகளில் (மாட்யூல்களில்) செய்து, பிறகு ஒன்றாகச் சேர்க்கும் மாதிரி ரயில் அமைப்பு. அதற்கு நீங்கள் சொன்னதன் பொருள் சரிதான். ஆனால் மாதிரி ரயில் கட்டும் ஆசையோடு புதிதாக வருபவருக்கு அந்தச் சொல்லில் ஒன்றும் பிடிபடாது. இப்போது நமக்குத் தேவை அந்தப் புதியவர்தான். லிவர்பூலில் 1946இல் தொடங்கிய ஹாட்டன்ஸ் மாதிரி ரயில் கடை 2024இல் மூடப்பட்டது. பர்மிங்ஹாமில் நடந்துவந்த வார்லி மாதிரி ரயில் கண்காட்சியும் 2023ஓடு நின்றுபோனது. இப்படி ஒவ்வொன்றாகப் போவதைப் பார்த்தால் கவலையாக இருக்கிறது.

அறை நிறைய ரயில்களம் (லேஅவுட்) போட இன்று எத்தனை பேருக்கு வீட்டில் இடமிருக்கிறது? சிறு பலகைகளை மேசைமேல் கோக்கும் டி-டிராக் முறையில் ஒரு மாட்யூலின் நீளம் 308 மில்லிமீட்டர்தான். ஒரு பாதையின் இரு தண்டவாளங்களுக்கு நடுவே இடைவெளி 9 மில்லிமீட்டர். மேசைமேல் வைத்தே மரம், வேலி எல்லாம் ஒட்டி முடித்துவிடலாம். தண்டவாளம் பலகையின் இரு விளிம்பையும் தாண்டி ஒரு மில்லிமீட்டர் துருத்தி நிற்கும். அதனால் பலகைகள் ஒன்றையொன்று முட்டாமல் தண்டவாளங்கள் இறுகக் கோத்துக்கொள்கின்றன. பத்துப் பேர் கொண்டுவந்து சேர்த்தால் நீளமான பாதை தயார். தொடங்க ஒரு பலகை போதும் என்பது சொல்லிலேயே தெரியவேண்டும்.

அதனால் மாட்யூலுக்குத் 'தடப்பலகை', சேர்த்து அமைத்த முழுமைக்குக் 'கூட்டுத்தடம்' என்கிறேன். 'அலகு' அளவைக்குப் போய்விட்டது. 'பெட்டி' வேண்டவே வேண்டாம், ரயில் பேச்சில் அது பயணிகள் பெட்டிதான்.

———

வணக்கம்.

தடப்பலகை அருமை, உடனே புழங்கலாம். கூட்டுத்தடம்தான் இடிக்கிறது. இரண்டு ரயில் நிறுவனங்கள் பங்குபோட்டு ஓட்டும் பாதை என்று நினைத்துவிடுவார்கள். அதோடு, மலை, நிலையம், தெரு என்று நாம் பார்த்துப் பார்த்துச் செய்வதெல்லாம் 'தடம்' என்பதில் விட்டுப்போகிறது. லேஅவுட்டை நீங்களே ரயில்களம் என்றுதான் எழுதியிருக்கிறீர்கள். அப்படியானால் இது 'கூட்டுக்களம்' ஆகட்டுமே?

———

சரி ஐயா, கூட்டுக்களமே இருக்கட்டும். பாதை திரும்பும் இடத்து மாட்யூலுக்கு 'மூலைப்பலகை' தானாகவே வந்துவிடுகிறது. இந்த மூன்றையும் வைத்துப் புதியவர்களுக்கான செய்முறைக் குறிப்பை எழுதத் தொடங்குகிறேன். ரயில்களை டிஜிட்டல் முறையில் இயக்கும் டிசிசிக்கு என்ன சொல் என்று அப்புறம் தனியாகப் பேசுவோம்.